படிக்கட்டுக் காட்சியின் மூன்றாவது நகல்

இருபத்திரண்டாவது நிமிடத்தில், கதாநாயகி விளக்கோடு மாடிப்படி ஏறும்போது, அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பின்னால் இருந்த இருட்டு மட்டும் உடையவில்லை.

படத்தை நிறுத்தினாள் கழுகு. அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நூறு வருஷத்துப் பழைய மர்ம மாளிகை நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தார்கள். படத்தில் புள்ளி, கோடு, கறை எதுவும் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. ஜன்னலே இல்லாத இந்த அறைக்குள் ஏசியின் முனகலும், சூடேறிய இயந்திரங்களின் கருகல் வாசனையும், கறுப்புத் துணி ஒட்டிய சுவர்களும்தான்.

படக் கோப்பின் அளவைச் சுருக்குகிற மென்பொருளுக்கு ஒரு புத்தி உண்டு. கண் போகாத இடத்திலிருந்து தெளிவைப் பிடுங்கி, கண் போகிற இடத்துக்குக் கொடுக்கும். இங்கேயோ முகத்திலிருந்து பிடுங்கி இருட்டுக்குக் கொடுத்திருந்தது. அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். படிக்கட்டின் உச்சியில் ஒருவன் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

படப்பிடிப்பு ஆள் யாரோ காட்சிக்குள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்து எடிட்டரை இண்டர்காமில் கூப்பிட்டாள்.

"மூலப் படத்துல அப்படி யாரும் இல்லம்மா," என்றார் அவர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேற நகல் போட்டுத் தரேன், இரு."

இரண்டாவது நகலில் அவன் பாதிப் படி இறங்கியிருந்தான். பக்கவாட்டில் திரும்பியிருந்தான். காது மடலும் பிடரி மயிரும் அவ்வளவு துல்லியம். கதாநாயகிக்கு மூக்கே இல்லை. ஐயோ, இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கண் போய்விட்டது என்பார்கள். கண் போனால் அவள் பிழைப்பும் போச்சு.

காரணம் சொல்லாமல் எடிட்டரிடம் கேட்டு வாங்கிய மூன்றாவது நகலை அவள் திறக்கவில்லை. பயமாக இருந்தது. ஸ்டுடியோத் திரையில் சந்தேகம் வந்தால் சாதாரண வீட்டு டிவியில் போட்டுப் பார் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். கால் முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் தனியாகக் கிடந்த கணவனுக்கு அதை அனுப்பிவைத்தாள். பொழுது போகாமல் கிடக்கிற மனுஷன், பார்க்கட்டுமே. அரைமணி கழித்து வீடியோ காலில் கூப்பிட்டாள்.

"ஏங்க, மாடிப்படியில யாராவது நிக்கிறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. படம் கண்ணாடி மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு முகத்துல மச்சம்கூடத் தெரியுது."

அப்பாடா என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனும் சிரித்தான். சிரித்த வாய் ஒரு கட்டமாக நின்றது.

சிக்னல் கோளாறுதான். வேறென்ன? ஆனால் தலையணையின் தையல் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் திரைச்சீலை நூல் நூலாகத் தெரிந்தது. சீலைக்கும் அலமாரிக்கும் நடுவே இருட்டு. தெளிவான இருட்டு.

"டிவிய அமத்துங்க. எந்திரிச்சு வெளிய போங்க."

"எப்படிடி எந்திரிக்கிறது? ஊன்றுகோல நீதானே அலமாரிப் பக்கம் சாத்தி வச்சே?"

"பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிடுங்க! கத்துங்க!"

"என்னாச்சு உனக்கு?" குரலில் கேலி குறைந்தது. "ஏய்... நீயா இப்படி மூச்சு விடுறே?"

அவள் மூச்சே விடவில்லை.

வீடு ஒரு மணி நேர தூரம். கையில் போன். அவ்வளவுதான்.

சீலை அசைந்தது. பிடரி மயிர். காது மடல்.

"திரும்பிப் பாக்காதீங்க!" என்று அலறினாள். கறுப்புத் துணிச் சுவர்கள் அந்தச் சத்தத்தை விழுங்கின.

கணவனின் முகத்தில் கண் போயிற்று. பிறகு மூக்கு. தோல் நிறத்தில் ஒரு வழவழப்பு. அதற்குள்ளிருந்து அவன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், வாய் இல்லாமல். மாவுக்கட்டுக் கால் கட்டிலை உதைத்தது. ஒருமுறை. இன்னொருமுறை.

அவன் மேல் குனிந்திருந்த முகம் மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தது. ஒவ்வொரு இமை மயிரும் தெரிந்தது. அதன் தாடையில், அவள் தினமும் விரலால் தடவிய, அவள் கணவனின் தழும்பு இருந்தது.