இடம் பிடித்து வைத்தவள்

சுற்றுலாக் கப்பல் கிளம்புவது மறுநாள் மதியம்தான். நாங்கள் முந்தின நாள் காலையிலேயே விமானத்தில் வந்து இறங்கிவிட்டோம். எல்லாம் என் அக்கா போட்ட சட்டம். எதற்கும் ஒரு நாள் முந்திப் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டல் அறை வரைக்கும் அவளே பதிவு செய்து வைத்திருந்தாள். பஸ்ஸுக்கே ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிறவள் அவள். போய், பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள். யார் வந்து சண்டை போட்டாலும் அசைய மாட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கப்பலில் அவளுடைய இடத்துக்கு என் வீட்டுக்காரர் வந்திருந்தார்.

ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். "மேலே போங்க மேடம். உங்க அக்கா அப்பவே சாவி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"உங்க அக்கான்னுதானே சொன்னாங்க."

"வேற யாரையோ நம்ம ரூமுக்கு அனுப்பிட்டாங்க போல," என்றார் அவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டே.

அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. திரை இழுத்துவிட்டிருந்ததால் பகலிலேயே இருட்டு. ஏசி குளிரோடு உப்புத் தண்ணீர் வாடை அடித்தது. இரண்டு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலின் மேல் ஒரு மஞ்சள் கைக்குட்டை விரித்திருந்தது.

நான் தையல்காரி. என் தையல் எனக்குத் தெரியாதா? பச்சை நூலில் ஓரம் மடித்தது நான். மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பும் என் கைவேலைதான். அக்காவைக் கடைசியாக அனுப்பும்போது அதை அவள் கையில் வைத்துத்தான் அனுப்பினோம்.

அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"யாரோ விட்டுட்டுப் போனதும்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று அவர் இரண்டு விரலால் அதை எடுத்துக் குளியலறைக் குப்பைக்கூடையில் போட்டார்.

அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அக்கா ஆம்புலன்ஸில் இருந்து எனக்குப் போன் செய்தாள். "மூச்சு முட்டுதுடி. நீயும் கூட வாயேன்." கடையில் அவசரத் துணி. மிஷினில் இருந்து காலை எடுக்காமலேயே, "நீ முன்னாடி போக்கா. எனக்கு இடம் போட்டு வை, பின்னாலயே வந்துடறேன்," என்றேன். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, வாய்தவறி வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது.

மதியம் அவர் குளிக்கப் போனார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

பின்னால், ஜன்னலோரக் கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் திரும்பவில்லை.

"வந்துட்டியா?" காதோரம், மிக மெதுவாக. "எவ்வளவு நேரம்டி பிடிச்சு வைக்கிறது?"

நான் போட்ட கூச்சலில் அவர் ஈரத் தலையோடு ஓடி வந்தார். அறையில் யாரும் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. பக்கத்தில் மஞ்சள் கைக்குட்டை. அவர் போய்க் குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு வந்தார். கூடை காலியாக இருந்தது.

"எனக்குக் கப்பல் வேண்டாங்க," என்றேன். "அக்கா என்னைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் கடல்ல இடம் போட்டு வச்சிருக்கா. நான் ஏற மாட்டேன்." அழுதுகொண்டே ஆம்புலன்ஸ் கதையையும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரிம்மா. நாளைக்கே பிளைட்ல வீட்டுக்குப் போயிடலாம்."

கைக்குட்டையை அங்கேயே விட்டுவிட்டு, அப்போதே வேறு ஓட்டலுக்கு மாறினோம். மறுநாள் காலையில் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், துறைமுகத்தில் நின்ற வெள்ளைக் கப்பலை டாக்ஸியில் இருந்தே பார்த்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

விமானத்தில் கடைசியாக ஏறியது நாங்கள்தான். எங்கள் வரிசையில் ஜன்னல் சீட்டு காலி. ஓரத்து சீட்டு அவருக்கு. நடுவில் எனக்கு.

பணிப்பெண் வழிவிட்டுச் சிரித்தாள்.

"நல்லவேளை வந்துட்டீங்க மேடம். ஜன்னல் சீட்டு அம்மா நடு சீட்டுல யாரையும் உக்காரவே விடல. தங்கச்சி வருவான்னு சொல்லிட்டே இருந்தாங்க. எங்கே, இப்பதானே இருந்தாங்க?"

என் சீட்டில் மஞ்சள் கைக்குட்டை விரித்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடப் பார்த்தேன். விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள்.