இருட்டில் வெளுத்த புரதம்

சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் ராபியா மறுபடியும் குற்றாலத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பழைய பங்களா அது. சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை வாடை. அவளோடு நாலு வருஷம் அங்கே வேலை பார்த்த பேச்சிராஜ் ஆலங்குளம் ரோட்டில் பைக்கோடு லாரியில் அடிபட்டுச் செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

இருவரும் பாதியில் விட்ட வேலையை இனி அவள்தான் முடிக்க வேண்டும். மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த புரதம். நம் கண்ணுக்குப் பார்வை தருவதும் அதே வகைதான். இருட்டில் அசையாமல் கிடக்கும். ஒளி பட்டதும் முறுக்கிக்கொண்டு வடிவம் மாறி வெளுத்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடிக் கூறாக்கி, லேசர் விழுந்த கணத்திலிருந்து அது அசைவதைக் கூறு கூறாகப் பதிவு செய்ய வேண்டும்.

லேசர் விழுவதற்கு முந்தைய பதிவில் அசைவே இருக்கக் கூடாது.

இருந்தது.

"அண்ணாச்சி, எங்கனயோ வெளிச்சம் கசியுது," என்றாள் உதவியாளர் இசக்கிமணியிடம்.

அவர் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாம் கறுப்பு டேப் ஒட்டினார். "இனி எறும்புகூட நுழையாது மேடம்."

இரண்டாவது புரத மாதிரியும் அப்படியே. மூன்றாவது முறை அவரை வெளியே அனுப்பி, லேசரையே அணைத்துவிட்டு, மாதிரியை மேசையில் வைத்து கும்மிருட்டில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

பெட்ரோல் வாடை அடித்தது.

"பேச்சி?" என்றாள் மெல்ல.

பக்கத்து ஸ்டூல் கிறீச்சிட்டது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. உடம்புதான் மரக்கட்டையாய் இருந்தது. கால்மணி நேரம் கழித்து மாதிரியைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். முழுக்க வெளுத்திருந்தது. துளி வெளிச்சம் இல்லாத அறையில் எதையோ பார்த்திருக்கிறது.

அவள் கண்களும் அதே அறையில்தான் இருந்தன.

'காரணம் தெரியவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு பஸ் ஏறினாள்.

கடையநல்லூர் வீட்டில் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும் கரண்ட் போனது. உம்மா நூருன்னிசா தட்டுத் தடுமாறித் தீப்பெட்டி தேடினாள். "எங்கன வச்சேன், ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே."

ராபியாவுக்கு எல்லாம் தெரிந்தது. சுவரில் ஓடிய விரிசல், உம்மாவின் கைவளையல், உம்மாவுக்குப் பின்னால் சட்டையெல்லாம் ரோட்டுத் தாரோடு நின்ற பேச்சிராஜ். அவன் அலமாரியின் மேல்தட்டைக் கைகாட்டினான்.

"மேல்தட்டுல இருக்கு உம்மா."

"இந்த இருட்டுல எப்படிட்டி தெரிஞ்சுது?"

உம்மா குச்சியைக் கிழித்தாள். வெளிச்சம் வந்தது.

அவன் போகவில்லை.

ராபியா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.