நிரம்பாத கட்டம்

தொண்ணூறு லட்சம் வரிகள் ஒத்துப்போயின. ஒரே ஒரு வரியில் ஒப்புநோக்கி இயந்திரம் நின்றுவிட்டது.

செண்பகவல்லி மூடிய அறைக்குள் உட்கார்ந்து தன் புதிய விரல்களை மடக்கிப் பார்த்தாள். அவளுடைய பழைய உடல் கோவில்பட்டி தாவல் நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. இங்கே, நிலாவின் வெண்மேட்டுக் குடியிருப்பில், அதே உடலை அணு அணுவாகக் கட்டியிருந்தார்கள். புறப்பட்ட மனதையும் வந்து சேர்ந்த மனதையும் இரண்டு அட்டவணைகளாக விரித்து அந்த இயந்திரம் வரிக்கு வரி சரிபார்க்கும். வேறுபாடு இல்லையென்றால் அங்கே தூங்குபவள் கலைக்கப்படுவாள். இருந்தால் இங்கே உட்கார்ந்திருப்பவள். தாவலில் ஒருமுறை தோற்றவர்களுக்கு மறு தாவல் கிடையாது.

“என்ன அண்ணாச்சி, வர்ற வழியில எதையாவது கொட்டிட்டீங்களா?”

ஒப்பீட்டு அதிகாரி சவரிமுத்து திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “எல்லாம் பத்திரமா வந்திருக்கு தாயி. ஒரு கட்டம் மட்டும் காலியா கெடக்கு. ஆவுடையப்பனுக்கு என்ன பதில்னு.”

அவளுக்கு முகம் சூடானது. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் ஆவுடையப்பன் நின்றிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நிலாவிலிருந்து அவன் கேட்டபோது, நேரில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். அதற்காகவே வந்திருக்கிறாள்.

“அங்கயும் காலி, இங்கயும் காலி. அப்ப ரெண்டும் ஒண்ணுதான?”

“நானும் அப்பிடித்தான் சொல்லிப் பாத்தேன். இது கேக்க மாட்டேங்குது. அங்க காலியா இருக்கிறது நாளைக்கு ‘சரி’ன்னு ஆவலாம், இங்க உள்ளது ‘மாட்டேன்’னு ஆவலாம். தெரியாததும் தெரியாததும் எப்பிடிச் சமம்னு நிக்கி. நீ ஒரு பதிலச் சொல்லு, ரெண்டு பக்கமும் எழுதிருதேன். எழுதுனது மனசுலயும் பதிஞ்சிரும்.”

“மூஞ்சியப் பாக்காம எப்பிடி அண்ணாச்சி சொல்ல?”

“கதவு தொறக்காம எப்பிடிம்மா பாக்க?”

திரையின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. தூங்கும் உடலை இனி அதிக நேரம் வைத்திருக்க முடியாது. செண்பகவல்லி நகத்தைக் கடித்தாள்.

“காலியா இருக்கிறதுதான தகராறு? ஒரு சொல்லப் போட்டு நெரப்புங்க. ‘யோசிக்கிறேன்’னு.”

“அது ஒரு பதிலா?”

“கட்டம் நெரம்புமா நெரம்பாதா?”

சவரிமுத்து சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் எழுதினார். ‘வேறுபாடு இல்லை’ என்றது ஒப்புநோக்கி. அந்தக் கணத்தில் செண்பகவல்லியின் மனதுக்குள் வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஆட்டம் நின்று அமைதியானது.

கதவு திறந்தது. ஆவுடையப்பன் நிலாத் தோட்டத்தில் விளைந்த வெண்டைக்காய்களைப் பூங்கொத்துபோலக் கட்டிப் பிடித்திருந்தான். அவன் முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள். நல்ல முகம். நினைத்ததைவிட நல்ல முகம்.

“என்ன வல்லி, இப்பவாவது சொல்லுவியா?”

“யோசிக்கிறேன்,” என்றாள், மனம் நிறைந்து.

அதன்பின் சவரிமுத்து எந்தப் பயணியையும் நிறுத்தவில்லை. ஊர் திரும்புவதா என்று தெரியாதவர், அண்ணனை மன்னிப்பதா என்று தெரியாதவள் என எல்லோருடைய கட்டத்திலும் அதே சொல்லை இட்டார். எல்லோரும் மலர்ந்த முகத்தோடு வெளியே போனார்கள். ஆவுடையப்பனும் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தான். இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது என்பதுதான் அவனுடைய காலிக் கட்டம். இப்போது மாலைதோறும் இருவரும் தோட்டத்தில் தேநீர் குடிக்கிறார்கள். அவன் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. வெண்மேட்டில் சண்டையே இல்லை.

ஆண்டு முடிவில் குடியிருப்பின் சென்ற ஆண்டு அட்டவணையையும் இந்த ஆண்டு அட்டவணையையும் ஒப்பிடுவது வழக்கம். கல்யாணம், பிரிவு, புது வீடு, புதுத் தொழில் என்று பக்கம் பக்கமாக வேறுபாடுகள் வரும். இம்முறை ஒரு வரிகூட வரவில்லை. சவரிமுத்து இயக்குநரிடம் ஓடினார்.

“சார், அந்தச் சொல்ல எழுதுறத நிறுத்திரவா?”

இயக்குநர் சென்ற மாதம்தான் சென்னைக்குப் போய்விட்டுத் தாவல் வழியாகத் திரும்பியிருந்தார். சன்னலில் தெரிந்த பூமியைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, “யோசிக்கிறேன்,” என்றார்.

சவரிமுத்துவுக்கு மட்டும் மனது அரித்தது. இதை மேலிடத்தில் சொல்லலாமா, வேண்டாமா? அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் தூத்துக்குடிக்குப் போய்வர விடுப்பு எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஒப்புநோக்கி எந்தக் கட்டத்தில் நிற்கும், அதில் என்ன எழுத வேண்டும் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் புறப்பட்டார்.