லுட்விக் மாமாவுக்கு முளைத்த தாடி

திங்கட்கிழமை சாயங்காலம் லுட்விக் மாமாவுக்குத் தாடி முளைத்தது. பழுப்பு நிறத் தாடி, ஒரு சாண் நீளம். தொட்டால் கொட்டும்!

நிஜ லுட்விக் மாமாவுக்கு இல்லை. அவர் எங்கள் லிபோவ்கா ஊரின் தீயணைப்புப் படைத் தலைவர். ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் வெளியே வரமாட்டார். "தாடி இருந்தா புகை முகமூடி முகத்துல ஒட்டாது" என்பார். தாடி முளைத்தது பிரினா வரைந்த அவருடைய படத்துக்கு.

எங்கள் ஸ்லோவேனியாவில் தேன்பெட்டிகளுக்கென்றே வீடு கட்டுவோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் லிண்டன் மரத்தடியில் அப்படி ஒரு மரவீடு இருக்கிறது. அதன் முன்சுவரில் ஆறு தேன்பெட்டிகள், மேலே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றின் முகப்பிலும் படம் வரைந்த பலகை. பலகைக்குக் கீழே தேனீக்கள் போய்வர நீளமான வாசல். பெட்டியின் பின்கதவைத் திறக்க வேண்டுமானால் வீட்டுக்குள் போகவேண்டும்.

இந்த வருடம் மூன்றாம் பெட்டிக்குப் பிரினா பொறுப்பு. நாலாம் வகுப்பு. மற்றவர்கள் கரடி, நத்தை என்று வரைந்தபோது இவள் லுட்விக் மாமாவின் முகத்தை வரைந்தாள். பெரிய மூக்கு, சிவந்த கன்னம், பளபளக்கும் தலைக்கவசம். பலகையின் அடி விளிம்பில் மாமாவின் தாடை முடியும். பாவம், இரண்டு மாதமாக அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் வெயில் கொளுத்தியது. மூன்றாம் பெட்டித் தேனீக்கள் கூட்டமாக வெளியே வந்தன. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வாசலுக்குக் கீழே கொத்தாகத் தொங்கின. சரியாக மாமாவின் தாடையில்!

முதலில் பார்த்தவன் காஷ்பர். அவன் பிரினாவோடு படிப்பவன், அடுத்த பெட்டிக்காரன்.

"ஏய் பிரினா! ஓடி வா! உங்க மாமாவுக்குத் தாடி வந்துடுச்சு!"

"ஐயோ, கூட்டை விட்டு ஓடப்போகுதா?" என்று பதறினாள் பிரினா.

வேஸ்னா டீச்சர் வந்து பார்த்துச் சிரித்தார். "இல்லம்மா. உள்ளே புழுக்கம், அதான் காத்து வாங்க வந்திருக்கு. ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே போயிடும்."

மறுநாள் ஊரே திரண்டது. ரொட்டிக்கடை அக்கா வந்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். புதன்கிழமை பத்திரிகையிலிருந்தே போன் வந்தது. வியாழன் மாலை ஐந்து மணிக்குப் படம் எடுக்க வருகிறார்களாம்! பிரினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் பெயர் பத்திரிகையில் எப்படி இருக்கும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு தடவை எழுதிப் பார்த்தாள்.

வியாழன் காலை, மணி அடிக்க அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். புல்லில் பனி இருந்தது. கை சில்லிட்டது. மற்றப் பெட்டிகளில் தேனீக்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. மூன்றாம் பெட்டியில் மட்டும் தாடி அப்படியே தொங்கியது. நேற்றைவிட நீளம்.

'ராத்திரி குளிர்ந்தா உள்ளே போயிடும்னு டீச்சர் சொன்னாங்களே. ஏன் போகலை?'

வீட்டுக்குள் போய் ஒவ்வொரு பின்கதவாகத் தொட்டுப் பார்த்தாள். முதல் கதவு சில்லென்று இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது, இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போலச் சுட்டது.

கதவைத் திறந்தாள். உள்ளே கம்பி வலையை மறைத்தபடி சாம்பல் நிறத்தில் தடிமனாக ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. குளிர்காலத்தில் வைத்த கம்பளி மெத்தை!

ஏப்ரலில் அவரவர் பெட்டியிலிருந்து அதை எடுக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். அன்று பிரினா மாமாவின் கன்னத்துக்குச் சிவப்புக் குழைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எடுக்கலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

"ஜூன் மாசத்துல கம்பளியா!" பின்னால் வந்து நின்ற காஷ்பர் வாயைப் பிளந்தான். "நல்ல வேலை பண்ணினே போ."

பிரினா மெத்தையில் கை வைத்தாள்.

"ஏய், இரு இரு! இப்ப எடுத்தா தாடி போயிடுமே! அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அஞ்சரைக்கு எடு. ரெண்டு மாசமா இருந்தது இன்னிக்கு ஒரு நாள் இருந்தா என்ன, குடியா முழுகிடும்?"

பிரினாவின் கை நின்றது. அவளுக்கும் அந்தப் படம் வேண்டும். ரொம்ப ரொம்ப வேண்டும். மெத்தையை ஓரமாக நகர்த்தி எட்டிப் பார்த்தாள். வலைக்கு அந்தப் பக்கம் தேனீக்கள் விடாமல் சிறகடித்துக்கொண்டிருந்தன. அவை விசிறிய காற்று வெளியே போக வழியில்லை.

"மத்தியானம் முப்பத்தஞ்சு டிகிரி வரும்" என்றாள் மெதுவாக. "மெழுகு இளகித் தேனடை விழுந்துட்டா இதுங்களுக்குக் குடி முழுகத்தான் செய்யும்."

சடாரென்று மெத்தையை உருவினாள். பின்கதவைத் திறந்தபடி விட்டாள். முன்வாசலில் பாதியை அடைத்திருந்த குளிர்காலக் கட்டையை ஒரு குச்சியால் தள்ளி அகற்றினாள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, தேனீக்கள் நின்று குடிக்கக் கூழாங்கற்கள் போட்டாள். அப்புறம் மரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதாள். காஷ்பர் பார்க்காத மாதிரி இருந்தான்.

டீச்சரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"நானும் திரும்பப் பார்க்கலையே" என்று டீச்சர் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

மத்தியானம் தாடி மீசையளவு ஆனது. ஐந்து மணிக்கு அதுவும் இல்லை.

பத்திரிகையிலிருந்து போலோனா என்ற அக்கா கேமராவோடு வந்தார். லுட்விக் மாமா பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையில் வந்தார். பின்னால் பாதி ஊர்.

"தாடி எங்கே?" என்றார் போலோனா.

பிரினா நடந்ததைச் சொன்னாள்.

"அடடா! கதவை ஒரு அரை மணி நேரம் மூடினா திரும்ப வராதா? ஒரே ஒரு படம்தானே, செல்லம்."

"வந்தாலும் வரும். ஆனா நான் மூட மாட்டேன்" என்றாள் பிரினா. "இந்த வெயில்ல உங்களுக்குக் கம்பளிக் கோட்டு மாட்டி ரூம்ல வெச்சுப் பூட்டினா, படத்துக்குச் சிரிப்பீங்களா?"

லுட்விக் மாமா வெடித்துச் சிரித்தார். மூன்றாம் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்தார். வாசலில் தேனீக்கள் வரிசையாக நின்று, தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, சிறகை விசிறிக்கொண்டிருந்தன. மாமா கையை எட்ட நீட்டினார்.

"அட, காத்து வருது!"

"உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுதுங்க மாமா. ஒண்ணு களைச்சா இன்னொண்ணு வந்து நிக்கும்."

"என் படையில இருபது பேர். ஒரு நாளாவது இப்படி ஒழுங்கா வரிசையில நின்னிருக்கானா?" மாமா தொப்பியைக் கழற்றித் தேனீக்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு படத்தைப் பார்த்தார். தன் மழமழ தாடையைத் தடவிக்கொண்டார். "மூணு நாளா ஊர்ல ஒருத்தன் விடாம 'என்ன மாமா, தாடி?'ன்னு மானத்தை வாங்கிட்டான். இப்பதான் நான் நானா இருக்கேன்!"

போலோனா கேமராவைத் தூக்கினார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. காஷ்பர் ரொட்டிக்கடையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து அதைப் பிரினாவின் கையில் திணித்தான். படத்தில் இரண்டு லுட்விக் மாமாக்கள், இரண்டு மழமழ தாடைகள், நடுவில் பிரினா. கீழே எழுதியிருந்தது:

"படம் வரைந்தவரும் சவரம் செய்தவரும்: பிரினா, நான்காம் வகுப்பு."