வெள்ளை ஷூ நாட்கள்

வாட்ச்மேன் மஹ்மூது பாய் கதவைத் தட்டினால் வழக்கமாக அவர் கையில் ஏதாவது பார்சல் இருக்கும். அன்று கை காலியாக இருந்தது. முகம்தான் கனமாக இருந்தது.

"மேடம், கீழ் ஃபிளாட் கம்ப்ளைன்ட்" என்றவர், இரண்டு காதுகளையும் பொத்திக் காட்டினார். "டான்ஸ் கலாஸ்!"

ஹாலில் வரிசையாக நின்றிருந்த ஐந்து பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலாஸ் என்றால் முடிந்தது என்று ஷார்ஜாவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபஸ்னா மெதுவாகப் பாட்டை நிறுத்தினாள்.

பொங்கல் விழாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. தமிழ்ச் சங்க மேடையில் ஆடுவதற்காக, அந்த ஐவரில் ஒருத்தியான ஷ்ருதியின் அம்மா ஜெயலட்சுமி தன் வீட்டு ஹாலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். பள்ளி விட்டு வந்ததும் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள்.

"சங்கத்துக்கு போன் பண்ணி நம்ம பேரை எடுத்துடச் சொல்லிடறேன்" என்றார் அம்மா. "அடுத்தவங்களுக்குத் தொந்தரவு கொடுத்து ஆட வேண்டாம்."

ஷ்ருதி அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வருடம் அவளுக்குள் என்னவோ நடந்துகொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதே கோபம் வரும். ஏன் கோபம் என்று கேட்டால் அதற்கும் கோபம் வரும். தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் மறந்துவிடுவாள். அதை எடுக்கப் போனால் பையை மறந்துவிடுவாள். ஆடும்போது மட்டும்தான் தலைக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும். அதைப் போய் நிறுத்தச் சொல்கிறார்களே!

ஃபஸ்னா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எதிர் ஃபிளாட்டுப் பெண். ஊர் கண்டி. "கதவ ஒடச்சா அதுக்கும் ஒரு கம்ப்ளைன்ட் வரும்" என்றாள்.

ஷ்ருதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் யோசிக்க முடிந்தது.

"கீழ இருக்கிறவங்க யாருன்னே நமக்குத் தெரியாதுல்ல? போய் ஒரு சாரி சொல்லலாம் வா."

ஒரு டப்பா முறுக்கோடு இருவரும் படியிறங்கினார்கள். மணியை அழுத்தினார்கள். பதில் இல்லை. இன்னொரு முறை, கொஞ்சம் நீளமாக அழுத்தினார்கள். கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, கண்கள் சிவந்து ஓர் அம்மா நின்றார்.

"சாரி ஆன்ட்டி, எங்க சத்தத்தால உங்க தூக்கம் கெட்டுப்போச்சுன்னு..."

"அது கெட்டது நாலு மணிக்கு மக்ளே" என்றார் அவர், சுவரில் சாய்ந்தபடி. நாகர்கோவில் பேச்சு. "தாம் தீம்னு கூரை இடிஞ்சு விழுமோன்னு எழும்பி உக்காந்தேன். அது முடிஞ்சு இப்பத்தான் கண்ணசந்தேன். நீங்க மணி அடிச்சிட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வந்து மறுபடியும் எழுப்பியாயிற்று! ஃபஸ்னா முறுக்கு டப்பாவால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவர் பெயர் கனகா. மருத்துவமனையில் நர்ஸ். பாதி நாள் இரவு டியூட்டி, மீதி நாள் பகல் டியூட்டி. இரவு டியூட்டி என்றால் காலையில் வந்து சமைத்து, துவைத்து, மதியத்துக்கு மேல்தான் தூங்க முடியும். தூங்காமல் போனால் ராத்திரி மருந்து ஊசி போடும்போது கை நடுங்குமாம்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல கேட்டியா. ஆனா நான் தூங்கியாகணும்" என்றார் கனகா ஆன்ட்டி.

ஷ்ருதி தலையாட்டினாள். அவள் கண்கள் கீழே போயின. வாசலில், மிதியடி மேல், ஒரு ஜோடி வெள்ளை ஷூ இருந்தது.

படியேறும்போது அவள் பாதியில் நின்றாள். "ஃபஸ்னா! ஷூ வெளியே இருந்தா ஆன்ட்டி வீட்ல இருக்காங்க. இல்லேன்னா டியூட்டில இருக்காங்க."

"அதுக்கு?"

"ஷூ இல்லாத நாள் காலால ஆடலாம். ஷூ இருக்கிற நாள் காலில்லாம ஆடலாம்!"

"காலில்லாம எப்படிம்மா ஆடறது?" என்று கேட்டார் அம்மா, மேலே வந்து சொன்னதும். ஆனாலும் போனை எடுக்கவில்லை. "சரி, ஒரு வாரம் பார்ப்போம்."

மறுநாள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் ஷ்ருதி படிவழியாக ஏறினாள். வெள்ளை ஷூ இருந்தது.

ஐந்து பேரும் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். சலங்கை இல்லை, பாட்டு இல்லை. உதடு மட்டும் "தகிட தகதிமி" என்று அசைந்தது. விரல் முழங்கால் மேல் தாளம் போட்டது. கால் செய்ய வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே செய்ய வேண்டும்.

முதல் நாள் வட்டத்திலிருந்த தன்யா களுக்கென்று சிரித்தாள். அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. சத்தம் வராமல் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது வெள்ளை ஷூ நாளில் ஷ்ருதிக்கு ஒன்று புரிந்தது. மூன்றாவது அடவில் தன் மனசுக்குள் படம் மங்குகிறது. அங்கே இடது காலா, வலது காலா? இத்தனை நாளும் பக்கத்தில் ஆடுகிற தன்யாவை ஓரக்கண்ணால் பார்த்துச் சமாளித்திருக்கிறாள்! கண்ணை மூடினால் பார்த்து ஆட யாரும் இல்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஆடினாள். அசையாமல் உட்கார்ந்திருந்த காலில் தசை மட்டும் மெல்லத் துடித்தது.

அந்த நாட்களில் பாட்டுப் போடும் வேலை இல்லாததால் ஃபஸ்னா ஒரு மூலையில் அறிவியல் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஓடி வந்தாள்.

"ஷ்ருதி, இதக் கேளு. நம்ம வயசில மூளை புதுசா ரோடு போட்டுட்டே இரிக்குமாம். நாம அடிக்கடி போற ரோட்ட நல்லாப் போட்டு வச்சுக்குமாம். போகாத ரோட்ட மூடிருமாம்."

"ஓ, அதான் என் தலைக்குள்ள எப்பவும் ஷார்ஜா ரோடு மாதிரி டைவர்ஷனா இருக்கா?"

"கோவம், மறதி எல்லாம் அந்த ரோடு வேலைதானாம். இன்னொண்ணு: ஆடறதா நினைச்சாலே, நெசமா ஆடும்போது வேலை செய்ற இடங்கள்ல நெறைய இடம் மூளைல முழிச்சிக்குமாம்!"

ஷ்ருதி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் பத்திரமாகப் பைக்குள் இருந்தது.

வாரம் முடிந்தது. மாடிப்படியில் கனகா ஆன்ட்டி எதிரே வந்தார். "டான்ஸை நிறுத்திட்டீங்களா மக்ளே? சத்தமே இல்லியே?"

"நிறுத்தல ஆன்ட்டி" என்று ஷூ கதையைச் சொன்னாள் ஷ்ருதி. கேட்டு முடித்ததும் ஆன்ட்டி குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு, "விழா என்னைக்கு?" என்று கேட்டார்.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. சர்க்கரைப் பொங்கல் வாசனை மேடை வரை வந்தது. ஐந்து பேரும் சலங்கை குலுங்க வந்து நின்றார்கள். ஃபஸ்னா மடிக்கணினியைத் தட்டினாள். பாட்டு எழுந்தது.

முதல் பாதி பட்டுப்போலப் போனது. மூன்றாவது அடவும் தடுமாறாமல் வந்தது. அதன் பிறகுதான் அது நடந்தது. மேடைப் பக்கம் அவசரமாகப் போன யாரோ ஒருவர் கால் ஒயரில் இடறியது. ஸ்பீக்கர் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அரங்கம் "ஐயோ" என்றது. திரைக்குப் பின்னால் ஜதி சொல்ல வாயைத் திறந்த அம்மா, அப்படியே நின்றுவிட்டார்.

மேடையில் யாருமே நிற்கவில்லை.

ஷ்ருதி தன்யாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் ஒரு வெள்ளை ஷூ நாள், அவ்வளவுதான்! ஐந்து ஜோடிச் சலங்கைகள் ஒரே சலங்கையாக ஒலித்தன.

கீழே குனிந்து தேடிய ஃபஸ்னாவின் கையில் கழன்ற ஒயர் அகப்பட்டது. மடிக்கணினியில் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒயரைச் செருகினாள்.

பாட்டு திரும்ப வந்தது. பெண்களின் கால்கள் தரையில் பட்ட அதே நொடியில், அதே தாளத்தில், ஓர் இம்மிகூட விலகாமல்!

அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டலில் கடைசி அடவின் சலங்கைச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என் பிள்ளைங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். யார் பிள்ளைகள் என்று அவர் விசாரிக்கவே இல்லை. அம்மா இன்னொரு முறை சொன்னார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கனகா ஆன்ட்டி வந்தார். டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார். காலில் அதே வெள்ளை ஷூ.

"ஏ மக்ளே!" என்று ஷ்ருதியைக் கட்டிக்கொண்டார். "பாட்டு நின்னப்போ என் நெஞ்சே நின்னுட்டு. இனி என் ஷூ வெளிய கிடந்தாலும் நீங்க ஆடுங்க. நான் காதுல பஞ்சு வச்சுட்டுத் தூங்கிக்கிடுவேன்."

ஷ்ருதி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் ஆன்ட்டி. நீங்க ஷூவை அங்கேயே வைங்க. எங்களுக்கு அந்த வகுப்பும் வேணும்."

மறுநாள் மாலை, மிதியடி மேல் வெள்ளை ஷூ இருந்தது. மேலே, ஐந்து பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஊரே அதிர ஆடிக்கொண்டிருந்தார்கள்.