ஓடைக்கல் தொட்டி

சாமான்களை ஏற்றிய டாட்டா ஏஸ் வண்டி ஓடைப்பட்டியைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் திராட்சைப் பந்தல்மேல் விழுந்துகொண்டிருந்தது. 2007, தை மாதம். புது வீடு, பெயின்ட் வாடை. எந்தப் பெண்ணும் புது வீட்டில் முதலில் அடுப்படியைத்தான் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது குளியலறைக்கு.

"பாரு மாரி. மூணாறுலகூட இப்பிடி ஒண்ணு கெடையாது."

பார்த்தேன். அறையின் நடுவில் படுத்த எருமை மாதிரி ஒரு பாறை. அதன் முதுகைக் குடைந்து, ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். அடியில் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்கு ஒரு ரப்பர் அடைப்பான்.

இவருக்குத் திராட்சைக் கமிஷன் வியாபாரம். மூணாறு ரிசார்ட் ஒன்றில் கல்தொட்டிக்குள் படுத்துக் குளிக்கும் வெள்ளைக்காரனைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அதே புலம்பல். தோட்டம் வாங்கியபோது ஓடைக்கரையில் இந்தப் பாறை கிடந்தது. ஜேசிபி வந்தும் அசையவில்லை. கல்லை வீட்டுக்குக் கொண்டுவர முடியாததால் மனிதர் வீட்டைக் கல்லிடம் கொண்டுபோய்விட்டார். சுற்றிச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, அதோடு சேர்த்து மற்ற அறைகளைக் கட்டினார். அவர் போடிக்காரர், நான் தேனி. இந்த ஊர் எங்கள் இருவருக்குமே புதிது.

கல்லைக் குடைந்தவர் கடமலைக்குண்டு குருசாமி. வேலை நடக்கும்போது ஒருமுறை பார்க்க வந்திருந்தேன். பாறையின் மேல்புறம் வழுவழுவென்று ஓடைப்பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் வடிகிற மாதிரி நடுவில் ஒரு தடம். வெள்ளம் போய்ப் போய்த் தேய்ந்தது என்றார் இவர்.

"எண்ணெ குடிச்ச கல்லு டீச்சர்," என்றார் குருசாமி. "சாக்பீஸ் கோடு போட்டா நிக்க மாட்டேங்குது. உளி வழுக்குது. கொத்துனா ஒரு வாடை வேற."

"என்ன வாடை?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சீயக்கா மாதிரி."

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, குருசாமி தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒருநாள் விட்டாராம். மறுநாள் காலையில் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம். கம்ப்ரசர் எண்ணெய் சிந்தியிருக்கும் என்று இவர் சொல்லிவிட்டார். அந்தத் தொட்டியில் கால் வைக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். நான் கல்யாண வீட்டில் டம்ளரை நாலு தடவை அலசிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறவள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் புருஷன் குழந்தை மாதிரி குதிக்கும்போது என்ன சொல்வது?

பால் காய்ச்சினோம். பந்தலில் கொடி கட்ட வரும் ஜக்கம்மா வந்தார். ஊரிலிருந்து இன்னும் சில பெண்களும் வந்தார்கள். பால் குடித்தார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். குளியலறை வாசலில் மட்டும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஜக்கம்மா என் முகத்தைப் பார்த்தார், எதையோ சொல்ல வந்து விழுங்கினார்.

"நல்லா இருங்க தாயி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இவர் தொட்டியில் இறங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளே கிடந்தார். வெளியே வந்தவரின் தலைமுடி எண்ணெய் வழிந்து மண்டையோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் வந்தபோது சீயக்காய் வாடை.

எங்கள் வீட்டில் சீயக்காய் கிடையாது. புது வீட்டுக்கு இன்னும் நல்லெண்ணெயும் வாங்கவில்லை.

"என்னத்தத் தேச்சீக?"

"ஒண்ணும் தேய்க்கல. சும்மாதான் கெடந்தேன்." கண் சொக்கியிருந்தது. "சொகமா இருந்துச்சு மாரி."

தொட்டியைக் கழுவப் போனேன். தண்ணீர் இறங்காமல் நின்றது. மேலே ஆறிப்போன கறிக்குழம்பில் படிகிற கொழுப்பு மாதிரி வெள்ளையாக ஒரு ஆடை. துளைக்குள் விரலைவிட்டு இழுத்தேன். முடி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. நீளமான நரைமுடி, சுருட்டைக் கறுப்பு முடி, குழந்தையின் பூனைமுடி எல்லாம் ஒரே கற்றையாகப் பிசுபிசுவென்று. அதில் ஊறிய தோல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒன்று என் நகத்துக்குள் புகுந்துகொண்டது.

வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

டெட்டால் ஊற்றித் தேய்த்தேன். அந்த நகத்தை ஒட்ட வெட்டி எறிந்தேன். கை நாறிக்கொண்டேதான் இருந்தது. அன்று மதியம் சோற்றை ஸ்பூனால் தின்றேன்.

இனி அதில் குளிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். கேட்கவில்லை. அடுத்த நாளும் இறங்கினார். கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தேன். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. தொட்டியில் படுத்திருப்பவர் எதற்காக மொண்டு ஊற்ற வேண்டும்? எங்களிடம் அங்கே செம்பும் இல்லை.

"யாரு உள்ள?" என்றேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"தேச்சு விடுறாக," என்றார் இவர், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. "நல்லாத் தேச்சு விடுறாக."

வெளியே வந்தவர் கட்டிலில் சாய்ந்தார். கைவிரல்கள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன, வெயிலேறியும் அப்படியே இருந்தன. கால்களைப் பார்த்தேன். இரண்டு பெருவிரல்களைச் சுற்றியும் நூலால் இறுக்கிக் கட்டிய தடம், ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

சேர்த்துக் கட்டிய தடம்.

பெருவிரல்களை எப்போது சேர்த்துக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு நானே நின்று பார்த்திருக்கிறேன். பந்தலுக்குள் ஓடினேன்.

ஜக்கம்மா கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சணலைக் கீழே போட்டார். நான் கேட்பதற்கு முன்பே அவர் கண் கலங்கிவிட்டது.

"வெளியூர்ல செத்தவுக, கெணத்துல விழுந்தவுக, ஆஸ்பத்திரியில அறுத்துத் தச்சுக் குடுத்தவுக, இவுகள ஊருக்குள்ள கொண்டார மாட்டோம் டீச்சர். அந்தக் கல்லுல கெடத்தித்தான் எண்ணெ வச்சு, சீயக்கா தேச்சுக் குளுப்பாட்டுவோம். ஊத்த ஊத்தத் தண்ணி ஓடையில எறங்கிப் போயிரும். அதை மிதிக்க மாட்டோம், நிக்கவும் விட மாட்டோம்."

"இத ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சுவத்துக்குள்ள உளிச் சத்தம் கேக்கயில, கல்ல ஒடைச்சு அள்ளிட்டுப் போகப் போறாகன்னு நெனச்சோம். அன்னைக்கு வந்து பாத்தாத்தான் தெரிஞ்சுச்சு. பால் காச்சுன வீட்டுல நின்னுக்கிட்டு சாவுப் பேச்ச எப்பிடித் தாயி எடுக்குறது? நல்ல நா கழியட்டும்னு இருந்துட்டேன்."

அவரை அறையலாம் என்று வந்தது எனக்கு. ஆனால் நானாக இருந்தாலும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். புது வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கும் நாக்கு எழுந்திருக்காது. எண்ணெய் தெரிந்ததையும் கால்விரல் தடத்தையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு ஜக்கம்மா? யாரு செய்யிறது?"

"குளுப்பாட்டுனவுகளும் இப்ப உசுரோட இல்லையே டீச்சர்," என்று கிசுகிசுத்தார். "அவுகளுக்குப் பழகுன வேலை. கல்லுல எது கெடந்தாலும் குளுப்பாட்டுவாக. இனி நாடி கட்டுவாக, நெத்தியில காசு வைப்பாக. அப்பறம்..."

மீதி எனக்கே தெரியும். அப்புறம் வாய்க்கரிசி. வாய்க்கரிசி போட்டுவிட்டால் தூக்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் இவர் இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது.

தொட்டியில் கண் மூடிக் கிடந்தார். தாடையைச் சுற்றி உச்சந்தலைவரை ஈர வெள்ளைத் துணி ஒன்று, காதோரம் முடிச்சு. நெற்றியில் வட்டமாக ஒரு பள்ளம், அழுத்தி வைத்த காசின் அளவு. தண்ணீர் அரிசி கழுவிய நிறத்தில் குழம்பி, மேலே நுரை. அறை முழுக்க சீயக்காயும் அழுகிய பூவும், அவற்றுக்கு அடியில் வேறொரு நாற்றமும். அந்த நாற்றம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள்.

அடைப்பானைப் பிடுங்கக் கையை விட்டேன்.

தண்ணீருக்குள் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

வழவழப்பான கை. முரட்டுத்தனமே இல்லை. என் முழங்கையிலிருந்து விரல்வரை நீவித் தேய்த்தது. விரல் இடுக்குகளில் புகுந்து, நகத்தின் ஓரங்களைச் சுரண்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பொறுமையோடு அழுக்கெடுத்தது. அந்தப் பரிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்னொரு கையும் வந்தது.

கத்திக்கொண்டே கையை உருவினேன். இவருடைய அக்குளில் கைகொடுத்து இழுத்து, தரையில் போட்டு, அந்தத் துணியை அறுத்தேன். மூச்சு இருந்தது. பின்னாலேயே வந்த ஜக்கம்மாவும் நானுமாக அவரைக் களத்து வெயிலில் கொண்டுபோய்ப் போட்டோம்.

போன் போட்டதும் குருசாமி ஆட்களோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓடைப்பக்கச் சுவரை இடித்து, தொட்டியின் அந்தப் பக்க விளிம்பை அடிவரைக்கும் வெட்டி எடுத்தார்கள். தேங்கியது அத்தனையும் பழைய தடத்தில் ஓடைக்குப் போயிற்று. போகிற தண்ணீருக்கு எல்லாரும் ஒதுங்கி நின்றோம். என்னென்ன மிதந்து போயின என்று நான் எழுதப் போவதில்லை.

அன்றே தேனிக்கு வாடகை வீடு பார்த்து வந்துவிட்டோம். இரண்டு அறை, பிளாஸ்டிக் வாளி, குழாய்த் தண்ணீர். போகப் போக இவருக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. கமிஷன் கடைக்குப் போனார். போனில் வியாபாரிகளைத் திட்டினார். நெற்றிப் பள்ளம் மேடேறி, தடம் தெரியாமல் ஆயிற்று. வீரபாண்டி கோயிலுக்குப் போய் மாவிளக்கு வைத்துவிட்டு வந்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் புருஷனை நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். இவர் குளித்து வந்து, பனியனைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். தட்டை வைத்துவிட்டு, சோற்றுச் சட்டியை எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது மென்றுகொண்டிருந்தார்.

தட்டு காலி. நான் இன்னும் எதையும் பரிமாறவில்லை.

"என்னத்த மெல்றீக?"

நறநறவென்று பல்லில் அரைபடும் சத்தம். கடைவாயோரம் வெள்ளையாக ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வேகாத பச்சரிசி.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலைவிட்டுத் தோண்டினேன். எச்சிலோடு குழைந்த அரிசி கைநிறைய வந்தது. வழித்து எறிந்துவிட்டு மறுபடி தோண்டினேன். தோண்டத் தோண்ட நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள் நிறைந்துகொண்டே இருந்தது.

"துப்புங்க. துப்பித் தொலைங்க."

அவர் என் கையை மெல்ல விலக்கினார். கோபமே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நான் சத்தம் போட்டுவிட்ட மாதிரி ஒரு சங்கடம்தான் அவர் முகத்தில்.

"சும்மா இரு மாரி," என்றார் வாய் நிறைய அரிசியோடு. "இன்னும் நெறையப் பேரு வரிசையில நிக்கிறாக."

வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு எனக்கு வலதுபக்கம், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து முகத்தை நிமிர்த்தி, மறுபடி வாயைத் திறந்தார்.