மேபல் தின்ற மாலை

எம்.பி.க்குப் போடவேண்டிய மாலையின் பாதி மாட்டின் வாய்க்குள் இருந்தது. மீதிப் பாதி தக்ஷிகாவின் கையில் இருந்தது.

"விடு, மேபல்! விடு!"

மேபல் விடவில்லை. செவ்வந்திப் பூக்களை நிதானமாக மென்றபடி அவளைப் பார்த்தது.

அன்று லூயிஷாம் தமிழ்ப் பள்ளியில் பட்டிப்பொங்கல். மாடுகளுக்கான விழா அது. ஆனால் லண்டனில் மாட்டுக்கு எங்கே போவது? போன வருடம் வரை, பலகையில் வரைந்த மாட்டுக்குத்தான் பொட்டு வைத்தார்கள். இந்த 2007இல்தான் நகரப் பண்ணையிலிருந்து குட்டையான கறுப்புப் பசு ஒன்று கார் நிறுத்துமிடத்துக்கு வந்திருந்தது. அதைக் கூட்டி வந்த பெண் பொங்கல் வாங்க மண்டபத்துக்குள் போயிருந்தாள்.

விருந்தினரும் புதியவர். பள்ளித் தலைவர் கிருஷ்ணராசா மாமா மினிகேப் டாக்சி ஓட்டுபவர். ஒருநாள் ஓர் எம்.பி.யைப் பாராளுமன்றத்துக்கு ஏற்றிச் சென்றார். வழி முழுக்க எம்.பி. மாடுகளைப் பற்றியே பேசினார். இறங்குவதற்குள் மாமா அவரை விழாவுக்கு அழைத்துவிட்டார்.

அந்த எட்வின் ஹாலோவேயை அறிமுகப்படுத்திப் பேசுவதும் மாலை போடுவதும் தக்ஷிகாவின் பொறுப்பு. பேச்சு மனப்பாடம். மாலையோடு மாட்டைத் தடவப் போனதுதான் பிழை.

அண்ணன் யனுஷன் ஓடி வந்தான்.

"உனக்கு ஒரு வேலைதான் தந்தவை. அதையும் மாட்டுக்குக் குடுத்திட்டியே!"

"பகிடி விடாதை அண்ணா! மாமாவைக் கூட்டிக்கொண்டு வா!"

கிருஷ்ணராசா வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். மிஞ்சிய மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அழாதை பிள்ளை. முடிச்சுப் போட்டால் சின்ன மாலை. ஒருத்தருக்கும் சொல்லாதை."

தக்ஷிகாவுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் மேபலின் வாயோரத்தில் வெள்ளை நூல் ஒன்று தொங்குவதைக் கண்டாள். மாடு மெல்ல மெல்ல, அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மாமா, நூலையும் விழுங்குது! வயித்திலை சிக்கினால்?"

"மாடு என்னத்தைத்தான் தின்னாது? வா, மேடையிலை அம்பலவாணன் மாஸ்டர் பேசி முடிக்கப்போறார்."

"அவராவது முடிக்கிறதாவது" என்றான் யனுஷன்.

மண்டபத்தில் பொங்கல் வரிசை நீண்டிருந்தது. பண்ணைப் பெண்ணைக் காணவில்லை. மாட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்த இன்னொருவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரிடம் சொன்னால், அவருடைய மாலையை மாட்டிடம் பறிகொடுத்ததையும் சொல்லவேண்டி வரும்.

தக்ஷிகா மேடையேறினாள். அவர் காதருகே ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"மன்னியுங்கள். உங்கள் மாலையை மேபல் தின்றுவிட்டது. நான் கவனமாக இருக்கவில்லை. நூலும் உள்ளே போகிறது."

"நூல் முனை வெளியே தெரிகிறதா?"

"கொஞ்சம்."

எம்.பி. எழுந்துவிட்டார். அவர் எழுந்ததைக் கண்டு, மாஸ்டரின் பேச்சு முடிந்ததென்று எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் அவர் கோட்டைக் கழற்றி யனுஷனிடம் கொடுத்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்.

"நீ தலைக்கயிற்றைப் பிடி. மெதுவாகப் பேசிக்கொண்டே இரு. அது அசையாமல் நிற்கவேண்டும்."

"என்ன பேசுவது?"

"உனக்கு எது நன்றாக வருமோ, அதை."

அவளுக்கு நன்றாக வந்தது ஒன்றுதான்.

"மதிப்பிற்குரிய திரு. எட்வின் ஹாலோவே அவர்கள் முப்பது வருடம் மாடு வளர்த்தவர்" என்று மேபலின் காதில் தமிழில் தொடங்கினாள்.

மேபல் காதை நிமிர்த்தியது. எம்.பி. வாயின் ஓரத்தில், பல் இல்லாத இடத்தில் கையை நுழைத்தார்.

"2001இல் கோமாரி நோய் பரவியது. நோயைத் தடுக்க அரசாங்கம் அவருடைய மாடுகள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. பண்ணைக்காரர் சொல்வதை யாரும் கேட்கவில்லை. அதனால் அவர் தேர்தலில் நின்றார். முதல்முறை தோற்றார்."

நூல் ஒரு முழம் வந்தது. பொங்கல் கிண்ணங்களோடு எல்லோரும் வெளியே வந்து சுற்றி நின்றார்கள். பண்ணைப் பெண்ணும் பதறி ஓடி வந்து மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த முறை வென்றார். இப்போது நாட்டுக்குச் சட்டம் செய்கிறார். ஆனாலும் மாடுகளை மறக்கவில்லை. நன்றி, வணக்கம்."

நூலின் கடைசி முனையும் வந்துவிட்டது. கசங்கிய செவ்வந்தி ஒன்று அதில் தொங்கியது. இந்த முறை கைதட்டல் சரியான இடத்தில் விழுந்தது.

"முழு நூலும் வந்துவிட்டது" என்றார் எம்.பி. முழங்கைவரை மாட்டு எச்சில். முகமெல்லாம் சிரிப்பு. "அதனிடம் என்ன சொன்னாய்?"

"உங்கள் வாழ்க்கை வரலாறு."

அவர் மேபலின் நெற்றியைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"பாராளுமன்றத்தில்கூட யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை."

கிருஷ்ணராசா தயங்கித் தயங்கி அந்தச் சின்ன மாலையை நீட்டினார். எம்.பி. அதிலிருந்து நூலை உருவி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூக்களைத் தக்ஷிகாவின் கையில் கொட்டினார்.

மேபல் அதற்குள் வாயைத் திறந்துவிட்டிருந்தது.